ஸ்டோன் ரோஸஸ் குழுவின் முதல் ஆல்பம்: நடன இசை அதில் எங்கே இருக்கிறது?

நாடாச்சுருள் எழுதியது:

மான்செஸ்டரின் ஸ்டோன் ரோஸஸ் என்ற ராக் குழுவின் முதல் ஆல்பத்தைப் பற்றி எங்கே படித்தாலும் ஒரே வாசகம்தான் கண்ணில் படுகிறது. எண்பதுகளின் இறுதியில் மான்செஸ்டரில் பரவிய ஆசிட் ஹவுஸ் நடன இசையையும், கனவு மயக்கம் போல் ஒலிக்கும் அறுபதுகளின் சைக்கடெலிக் கிட்டார் பாப்பையும் ஒன்றாகக் கலந்த ஆல்பம் அது என்பார்கள். பல ஆண்டுகளாக நானும் இதையே பிறருக்குச் சொல்லி வந்திருக்கிறேன். சென்ற வாரம் அதன் பதினொரு பாடல்களையும், வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்ளாமல், முதலிலிருந்து கடைசிவரை கேட்டபோது, அந்த வாசகத்தின் முதல் பாதி எங்கிருந்து வந்தது என்றே எனக்கு விளங்கவில்லை.

1989 மே மாதம் சில்வர்டோன் நிறுவனம் வெளியிட்ட அந்த ஆல்பத்தில், ஹவுஸ் இசைக்கு உயிரான தாள இயந்திரத்தின் பிசகாத நான்கடி ஒரு பாடலிலும் என் காதில் விழவில்லை. விழுந்தவை எல்லாம் இருபது ஆண்டுகள் பழையவை. ஜான் ஸ்குவயரின் கிட்டார், அறுபதுகளின் அமெரிக்கக் குழுவான பேர்ட்ஸின் பன்னிரு தந்திக் கிட்டாரை நினைவூட்டும்படி கலீரென்று ஒலிக்கிறது. 'எலிசபெத் மை டியர்' என்ற ஒரு நிமிடத்துக்கும் குறைவான பாடல், 'ஸ்கார்பரோ ஃபேர்' என்ற பழைய ஆங்கில நாட்டுப்பாடலின் மெட்டை அப்படியே எடுத்துக்கொண்டு அரசிக்கு முடிவு கட்டப் பார்க்கிறது. நாடாவைத் தலைகீழாக ஓடவிடும் வித்தை இருக்கிறது. அது 1966-ஆம் ஆண்டின் வித்தை. குரல்கள் அடுக்கடுக்காக, தூரத்திலிருந்து வருவதுபோல் பதிவாகியிருக்கின்றன.

என் ஊகம் இதுதான். அதே ஆண்டு நவம்பரில் 'ஃபூல்ஸ் கோல்ட்' என்ற சிங்கிள் (ஆல்பமாக அல்லாமல் தனித்து வெளியிடும் பாடல்) வந்தது. ஏறத்தாழ பத்து நிமிடம் நீளும் அந்தப் பாடலில், பழைய ஃபங்க் இசைத்தட்டிலிருந்து எடுத்த தாளத் துண்டு ஒன்று வட்டமடித்துக்கொண்டே இருக்கிறது. அதன்மேல் கிட்டார் வா-வா மிதியின் வழியாக முனகுகிறது. அது நடன இசைதான், ஐயமில்லை. பிரிட்டனில் 8-ஆம் இடம்வரை ஏறியதும் அதுதான். அமெரிக்கப் பதிப்பில் அதை ஆல்பத்தின் கடைசியில் ஒட்டிவிட்டார்கள். அங்கிருந்து தொடங்கிய குழப்பமே இன்றுவரை ஓடுகிறது என்று நினைக்கிறேன். ஆறு மாதம் கழித்துப் பிறந்த பிள்ளையின் முகச்சாயலை மூத்த பிள்ளையிடம் தேடிக்கொண்டிருக்கிறோம்.

மறுப்பு உள்ளவர்கள் பாடலின் பெயரைச் சொல்லி மறுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். "அந்தக் காலத்து உணர்வு" போன்ற விடைகள் எனக்குப் போதா.

பழைய ஊசி எழுதியது:

உங்கள் கட்சிக்கு வலுச்சேர்க்கும் சில செய்திகளைத் தருகிறேன். முடிவில் உங்களோடு உடன்படுவேனா என்பது வேறு விஷயம்.

ஆல்பத்தின் தயாரிப்பாளர் ஜான் லெக்கி. அவர் 1970-இல் ஆபி ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தில் நாடா இயக்கும் உதவியாளராகச் சேர்ந்தவர். ஜார்ஜ் ஹாரிசன் தனித்து வெளியிட்ட மூன்று தட்டு ஆல்பத்திலும், ஜான் லெனனின் பிளாஸ்டிக் ஓனோ பேண்ட் பதிவிலும், பிங்க் ஃபிளாய்ட் குழுவின் 'மெடில்' ஆல்பத்திலும் வேலை செய்தார். எண்பதுகளின் நடுவில் எக்ஸ்டிசி குழுவினர், 'டூக்ஸ் ஆஃப் ஸ்ட்ராட்டோஸ்ஃபியர்' என்ற புனைபெயரில், அறுபதுகளின் சைக்கடெலிக் பாப்பை அச்சு அசலாகப் போலி செய்து '25 ஓ'கிளாக்' என்ற தட்டை வெளியிட்டபோது அதைத் தயாரித்தவரும் இவரே. ஆக, 1967-இன் ஒலி எப்படி உருவானது என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களிடம் கற்று, பிறகு அதையே வேடிக்கையாகத் திரும்பச் செய்து கைபழகியவர். இப்படிப்பட்டவரை அழைத்துவந்துவிட்டு நடன ஆல்பம் எதிர்பார்த்தார்கள் என்றால் நம்ப முடியவில்லை.

பதிவு நடந்த இடங்களையும் பாருங்கள். லண்டனில் பேட்டரி, கோங்க் ஆகிய இரண்டு கூடங்கள். வேல்ஸ் நாட்டுப்புறத்தில் ராக்ஃபீல்டு. இவற்றில் கோங்க், கிங்க்ஸ் குழுவினர் தங்களுக்கென நிறுவிய கூடம். சுவர்கூட அறுபதுகளைச் சேர்ந்தவர்களுடையதுதான்.

இருந்தாலும் ஒரு முள் உறுத்துகிறது. லெக்கிக்கு முன்னால், 1988-இல் வந்த 'எலிஃபண்ட் ஸ்டோன்' என்ற சிங்கிளைத் தயாரித்தவர் நியூ ஆர்டர் குழுவின் பீட்டர் ஹுக். கிட்டார் குழுவாக இருந்து நடன இசைக்குள் நுழைந்து மீண்டவர்கள் என்றால் பிரிட்டனில் நியூ ஆர்டரைத்தான் முதலில் சொல்வார்கள். அந்தப் பாடலில் டிரம்ஸ் முன்னுக்கு வந்து குதிக்கிறது. அந்தக் கதவை அவர்கள் முன்னமே திறந்து பார்த்துவிட்டுத்தான் லெக்கியிடம் வந்தார்கள்.

இடதுகைத் தாளம் எழுதியது:

நான் டிரம்ஸ் வாசிப்பவன் என்பதால் ஒருதலையாகப் பேசுகிறேன் என்று நினைத்துக்கொள்ளுங்கள், பேசத்தான் போகிறேன்.

நாடாச்சுருள் நண்பரே, நீங்கள் தாள இயந்திரத்தைத் தேடியிருக்கிறீர்கள். அது கிடைக்காததால் நடனம் இல்லை என்று தீர்ப்பெழுதிவிட்டீர்கள். ரெனி என்று அழைக்கப்படும் ஆலன் ரென் அந்தக் குழுவில் இருக்கும்போது இயந்திரம் எதற்கு? பெரும்பாலான கிட்டார் குழுக்களில் டிரம்ஸ் வாசிப்பவர் பாட்டின் எல்லையைக் காட்டும் வேலி போல நிற்பார்; இரண்டாம் அடியிலும் நான்காம் அடியிலும் ஓங்கி அடித்துவிட்டு, பல்லவி வரும்போது சிம்பலை நொறுக்குவார். ரெனியின் வாசிப்பில் அந்த ஓங்கிய அடிகளுக்கு நடுவே, காதுக்கு எட்டியும் எட்டாமலும் விழும் மெல்லடிகள் நிறைந்திருக்கின்றன. ஹை-ஹேட் தகடுகள் மூச்சு விடுவதுபோல் திறந்து மூடுகின்றன. காலப்பிரமாணம் அசையாமல் நிற்க, நடை மட்டும் உள்ளுக்குள் ஊஞ்சல் ஆடுகிறது. உடம்பை ஆடவைப்பது இந்த ஊஞ்சல்தான்.

பாடலின் பெயர் கேட்டீர்கள். 'ஷி பேங்ஸ் த டிரம்ஸ்' எப்படித் தொடங்குகிறது? ஹை-ஹேட், அதன்பின் மானியின் பேஸ் கிட்டார். கிட்டார் பிறகுதான் வருகிறது. 'ஐ வானா பி அடோர்ட்' ஏறக்குறைய முக்கால் நிமிடம் இரைச்சலாகவே ஓடி, முதலில் பேஸைத்தான் உள்ளே விடுகிறது. 'ஐ ஆம் த ரெசரக்ஷன்' டிரம்ஸ் மட்டுமாகத் தொடங்குகிறது. பேர்ட்ஸ் குழுவின் ஆல்பத்தில் இப்படிப் பாட்டுக்குப் பாட்டு அடித்தளத்திலிருந்து வீடு எழும்புவதைக் காட்டுங்கள், பார்க்கலாம். ஸ்குவயரின் கிட்டார் அறுபதுகளைச் சேர்ந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவருக்குக் கீழே இருக்கும் இருவரும் அப்போதே வேறு ஊரில் குடியிருந்தார்கள்.

ரெனியைப் பற்றி ஒரு பழைய செய்தி. 1984-இல் இந்தக் குழு லண்டனில் தன் முதல் கச்சேரியைச் செய்தபோது, அதே மேடையின் முதன்மைக் கலைஞர் ஹூ என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் பீட் டவுன்சென்ட். டிரம்ஸில் பெயர்பெற்ற கீத் மூன் போன்ற ஒருவரோடு பல ஆண்டுகள் வாசித்த அவர், இந்த இளைஞனின் வாசிப்பைக் கேட்டுவிட்டு, இறுதிப் பாடல்களுக்குத் தன்னோடு வாசிக்குமாறு அழைத்தார். அப்போது இந்தக் குழுவின் பெயர் வெளியூரில் யாருக்கும் தெரியாது.

வழிப்போக்கன் எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இந்த இழையைப் படித்துவிட்டு ஆல்பத்தை முதன்முறையாகக் கேட்கத் தொடங்கினேன். எனக்குக் கிடைத்த பதிப்பில் 'எலிஃபண்ட் ஸ்டோன்' நடுவிலும் 'ஃபூல்ஸ் கோல்ட்' முடிவிலும் இருக்கின்றன. நீங்கள் பதினொன்று என்கிறீர்கள். என்னிடம் பதின்மூன்று இருக்கின்றன. எதை விட்டுவிட்டுக் கேட்க வேண்டும்?

நாடாச்சுருள் எழுதியது:

அந்த இரண்டையும்தான். என் வாதத்துக்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுமா! உங்களிடம் இருப்பது அமெரிக்கப் பதிப்பின் வரிசை. 'ஐ ஆம் த ரெசரக்ஷன்' முடிந்தவுடன் நிறுத்திவிடுங்கள். எட்டு நிமிடத்துக்கும் மேல் நீளும் அந்தப் பாடலுக்குப் பிறகு இன்னொன்றை வைப்பது, பந்தியில் பாயசம் முடிந்து மோரும் குடித்த பிறகு மறுபடியும் இட்லி வைப்பதற்குச் சமம்.

தாளக்கார நண்பருக்கு: வாசிப்பைப் பற்றிய உங்கள் விளக்கத்தை முழுவதும் ஏற்கிறேன். ஆனால் உடம்பை ஆடவைக்கும் டிரம்ஸ் எல்லாம் ஆசிட் ஹவுஸ் ஆகிவிடாது. 'ரெசரக்ஷன்' தொடக்கத்தில் வரும் அந்தத் துள்ளல் அடி அறுபதுகளில் அமெரிக்காவின் மோட்டவுன் நிறுவனம் வெளியிட்ட சோல் இசைத் தட்டுகளில் கேட்டதுதானே? அந்தப் பாடலின் பேஸ் எப்படிப் பிறந்தது என்பதும் பலரும் அறிந்த கதை. கச்சேரிக்கு முந்தைய ஒலிச் சோதனைகளின்போது மானி பீட்டில்ஸின் 'டாக்ஸ்மேன்' பாடலின் பேஸ் வரியை விளையாட்டாகத் தலைகீழாக வாசித்துக்கொண்டிருப்பார். அதன்மேல் மற்றவர்கள் சேர்ந்துகொள்ள, விளையாட்டு முற்றிப் பாடலாகிவிட்டது. ஊர் மாறிக் குடியேறியவர் என்று நீங்கள் சொல்லும் மானிகூட 1966-இன் தட்டைத்தான் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருக்கிறார்.

மழைநகர்வாசி எழுதியது:

வணக்கம். நான் பல ஆண்டுகளாக மான்செஸ்டரில் வசிப்பவன். இசைக்கருவி எதையும் வாசிக்கத் தெரியாது. ஆனபடியால் ஊரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

மான்செஸ்டர் என்றவுடன் எல்லோரும் ஃபேக்டரி இசைத்தட்டு நிறுவனத்தையும், அது 1982-இல் திறந்த ஹசியெண்டா நடன மன்றத்தையும் ஒரே மூச்சில் சொல்வார்கள். ஸ்டோன் ரோஸஸ் ஒருபோதும் ஃபேக்டரியின் குழுவாக இருக்கவில்லை. இதே ஊரின் ஹாப்பி மண்டேஸ் குழுவினர் ஃபேக்டரியின் பிள்ளைகள். இவர்கள் வெளியில் வளர்ந்தவர்கள். பாடகர் இயன் பிரவுனும் ஜான் ஸ்குவயரும் நகரின் தெற்கே ஆல்ட்ரிங்காம் என்ற ஊரின் இலக்கணப் பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள். 1985-இல் வந்த அவர்களுடைய முதல் சிங்கிளை, ஜாய் டிவிஷன் குழுவின் தயாரிப்பாளரான மார்ட்டின் ஹேனட் பதிவு செய்தார். அவர் செய்த மற்றப் பதிவுகள் திருப்தி தராமல் கிடப்பில் போடப்பட்டு, 1996-இல்தான் இறுவட்டாக வெளிவந்தன. அவற்றைக் கேட்டால் முரட்டுத்தனமான, இருண்ட ராக் இசைதான் இருக்கிறது. 1987-இல் மானி வந்து சேர்ந்த பிறகுதான் இன்று நாம் அறிந்த நால்வர் அமைந்தார்கள். அதற்குப் பிந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் நகரத்தின் இரவுகள் முற்றாக மாறிவிட்டன. 1988 கோடையில் ஆசிட் ஹவுஸ் வந்தது. கிட்டார் கச்சேரிக்குப் போகிறவர்களும் நடன மன்றத்துக்குப் போகிறவர்களும் அதுவரை வெவ்வேறு சாதி. இப்போது ஒரே ஆட்கள் இரண்டு இடத்துக்கும் போனார்கள்.

இந்தக் கதையில் நான் கவனிக்க வேண்டும் என்று நினைப்பது கூட்டத்தை. ஆல்பம் வெளிவந்தபோது பெரிய பரபரப்பு எதுவும் இல்லை; பிரிட்டிஷ் பட்டியலில் 32-ஆம் இடத்தோடு நின்றது. அடுத்த ஆண்டுதான் 19 வரை ஏறியது. இருபதாம் ஆண்டு நிறைவையொட்டி 2009-இல் மறுபதிப்பு வந்தபோது, 5-ஆம் இடத்தைத் தொட்டது. 1989 ஆகஸ்டில் பிளாக்பூல் கடற்கரை ஊரின் எம்பிரஸ் பால்ரூம் மண்டபத்தில் அவர்கள் செய்த கச்சேரியின் ஒளிப்பதிவு இருக்கிறது, பாருங்கள். மேடையைப் பார்த்து நின்றுகொண்டு தலையசைக்கும் ராக் கூட்டமாக அது தெரியவில்லை. தொளதொளவென்ற சட்டை, அகன்ற கால்சட்டை, ரெனி அணிந்ததைப் போன்ற வாளித் தொப்பி. எல்லோரும் தங்களுக்குள் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். அறுபதுகளின் கிட்டார் பாப்பைக் கேட்டு, ஹசியெண்டாவில் ஆடுவதைப் போலவே ஆடுகிறார்கள். நாடாச்சுருள் அண்ணை தேடுகிற நடன இசை இறுவட்டில் இல்லாவிட்டால், அது அந்தத் தரையில் இருந்தது.

1990 மே 27 அன்று, விட்னெஸ் நகரத்தில் மெர்சி ஆற்றோரம், இரசாயன ஆலைகளுக்கு நடுவே உள்ள ஸ்பைக் ஐலண்ட் என்ற திடலில் ஏறத்தாழ 27,000 பேர் கூடிய கச்சேரி இந்த அலையின் உச்சி. அங்கே ஒலி காற்றில் அடித்துச் செல்லப்பட்டது என்று போனவர்கள் எல்லோரும் முறையிடுகிறார்கள். அங்கே போனதைப் பெருமையாகச் சொல்பவர்களும் அவர்களேதான்.

பழைய ஊசி எழுதியது:

மழைநகர்வாசி எழுதியது சிறப்பு. அட்டைப்படத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே என்று காத்திருந்தேன், நானே சொல்லிவிடுகிறேன்.

அந்த ஓவியம் ஸ்குவயர் வரைந்தது. அமெரிக்க ஓவியர் ஜாக்சன் பொல்லாக்கின் பாணியில் சாயத்தைச் சொட்டியும் வீசியும் நிரப்பிய பரப்பு. இடது ஓரத்தில் பிரெஞ்சுக் கொடியின் மூன்று வண்ணங்கள். மேலே நறுக்கிய எலுமிச்சை. ஓவியத்தின் பெயர் 'பை பை பேட்மேன்'. ஆல்பத்தின் ஐந்தாம் பாடலுக்கும் அதே பெயர். (தமிழில் எழுதினால் வௌவால் மனிதன் என்று தோன்றும், இவர் கெட்ட மனிதன்.) பாரிஸில் 1968 மே மாதக் கலவரத்தில் கலந்துகொண்ட ஒருவரைப் பிரவுன் சந்தித்திருக்கிறார். கண்ணீர்ப் புகைக்கு மாற்றாக எலுமிச்சையை உறிஞ்சுவோம் என்று அவர் சொன்னதுதான் பாடலாகவும் அட்டையில் பழமாகவும் மாறியது. பின்னணியின் பச்சை நிறம், வட அயர்லாந்தின் ஜயன்ட்ஸ் காஸ்வே கடற்கரையில் பார்த்த நீரின் நிறத்தைப் பிடிக்க முயன்றதன் விளைவு என்று ஸ்குவயர் கூறியிருக்கிறார்.

இதை ஏன் இழுக்கிறேன் என்றால், 'பை பை பேட்மேன்' ஆல்பத்திலேயே மிக மென்மையான, காதல் பாட்டுப் போலவே ஒலிக்கும் பாடல். சொற்களைக் கவனிக்காமல் கேட்டால் கல்லெறிபவனின் பாட்டு அது என்று தெரியவே தெரியாது. 'எலிசபெத் மை டியர்' தாலாட்டுப் போல் ஓடி, முடிவில் துப்பாக்கி வெடிப்பது போன்ற ஒலியோடு நிற்கிறது. அறுபதுகளின் சைக்கடெலிக் பாப்பில் சர்க்கரை சர்க்கரையாகவே இருக்கும். இவர்கள் சர்க்கரைப் பாகுக்குள் கல்லை வைத்தார்கள். பழையதைப் போலி செய்தவர்கள் என்ற முடிவுக்கு நாடாச்சுருள் போய்விடுவாரோ என்ற கவலையில் இதை எழுதுகிறேன்.

சுருதிப்பெட்டி எழுதியது:

எல்லோரும் புகழ்ந்துகொண்டே போகிறீர்கள். இயன் பிரவுனின் குரலைப் பற்றி யாராவது பேச வேண்டாமா? ஆல்பத்தில் அவர் மெல்லிய குரலில், காதோடு சொல்வதுபோல் பாடுகிறார். இரட்டைப் பதிவும் ரெனியின் துணைக்குரலும் சேர்ந்து அதைத் தூக்கிப் பிடிக்கின்றன. மேடைப் பதிவுகளில் அவருக்கும் சுருதிக்கும் இடையே உள்ள உறவு பங்காளி உறவு: ஒரே வீட்டில் இருப்பார்கள், பேசிக்கொள்ள மாட்டார்கள். 1989 நவம்பரில் பிபிசி தொலைக்காட்சியின் 'த லேட் ஷோ' நிகழ்ச்சியில் அவர்கள் 'மேட் ஆஃப் ஸ்டோன்' பாடத் தொடங்கிய ஒரு நிமிடத்துக்குள் ஒலி அளவு மீறி மின்சாரம் நின்றுபோனது. நிகழ்ச்சித் தொகுப்பாளர் பேசிச் சமாளிக்க முயல, பின்னால் நின்ற பிரவுன் அவர்களைக் கற்றுக்குட்டிகள் என்று திரும்பத் திரும்பக் கத்தினார். அந்தக் காட்சி புகழ்பெற்றுவிட்டது. பாட்டு நடந்திருந்தால் இத்தனை புகழ் கிடைத்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

இடதுகைத் தாளம் எழுதியது:

சுருதிப்பெட்டியாரே, உங்கள் பெயருக்கேற்ற குற்றச்சாட்டுதான், மறுக்க மாட்டேன். ஆனால் அந்தக் குரல் வலிமையாக இருந்திருந்தால் ஆல்பம் கெட்டிருக்கும். பிரவுன் முன்னுக்கு வந்து நெஞ்சைத் திறந்து பாடியிருந்தால், கேட்பவர் குரலைப் பின்தொடர்ந்திருப்பார். கீழே நடப்பதைக் கவனித்திருக்க மாட்டார். 'அடோர்ட்' பாடலில் உள்ள சொற்களை ஒரு கையின் விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆன்மாவை விற்க வேண்டியதில்லை, அவன் ஏற்கெனவே உள்ளே இருக்கிறான் என்பதும், தன்னை வழிபட வேண்டும் என்பதும்தான் செய்தி. மீதி நேரமெல்லாம் இசைக்கே. பாடகரைக் கருவிகளில் ஒன்றாகக் கலந்துவிடும் இந்தப் பழக்கம் கிட்டார் பாப்பின் பழக்கமா, நடன இசையின் பழக்கமா? நாடாச்சுருள் பதில் சொல்லட்டும்.

அதோடு 'ரெசரக்ஷன்' பாடலின் பின்பாதிக்கும் அவர் கணக்குக் காட்ட வேண்டும். முன்பாதி மோட்டவுன், சரி. நான்காம் நிமிடத்துக்குச் சற்று முன் பாட்டு முடிந்ததுபோல் நின்று, மறுபடி கிளம்பி, நான்கு நிமிடத்துக்கும் மேல் குரலே இல்லாமல் ஓடுகிறதே, அது என்ன? அறுபதுகளின் குழுக்கள் பாட்டின் முடிவில் வாசித்துத் தள்ளும்போது கிட்டார் தனி ஆவர்த்தனம் செய்யும். மற்றவர்கள் பின்னால் நிற்பார்கள். இங்கே மூவரும் ஒரே தாளக் கட்டுக்குள் நின்று, ஏறுவதும் அடங்குவதுமாக, கூட்டத்தை நிறுத்தவிடாமல் வைத்திருக்கிறார்கள். இரவு மன்றத்தில் தட்டு மாற்றுபவர் செய்யும் வேலை இது.

பழைய ஊசி எழுதியது:

ஆட்டம் சூடுபிடிக்கும் நேரத்தில் ஒரு துயரச் செய்தியையும் போட்டுவைக்கிறேன், புதியவர்கள் கேட்பார்கள் என்பதால். இத்தனைக்கும் பிறகு அடுத்த ஆல்பம் 1994 டிசம்பரில்தான் வந்தது. சில்வர்டோனுடன் செய்த ஒப்பந்தம் நியாயமற்றது என்று வழக்கு நடந்து, 1991-இல் நீதிமன்றம் குழுவுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பிறகு கெஃபன் நிறுவனத்தில் சேர்ந்தார்கள். இரண்டாம் ஆல்பத்தில் ஸ்குவயரின் கிட்டார் எழுபதுகளின் கனத்த ராக் குழுவான லெட் ஸெப்பலின் பக்கம் சாய்ந்து, பாட்டுகளின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. 1995-இல் ரெனியும் 1996-இல் ஸ்குவயரும் விலக, குழு கலைந்தது. 2012-இல் மான்செஸ்டரின் ஹீட்டன் பார்க்கில் மூன்று நாள் கச்சேரிக்கு 2,20,000 பேர் சீட்டு வாங்கினார்கள் என்பதெல்லாம் பின்கதை. அந்த இடைவெளியில் மான்செஸ்டரிலிருந்தே எழுந்த ஒயாசிஸ் குழு அந்த நாற்காலியில் அமர்ந்துவிட்டது. ஸ்டோன் ரோஸஸின் கச்சேரியைப் பார்த்துத்தான் பாடகனாக விரும்பியதாக ஒயாசிஸ் பாடகர் லியாம் காலகரே சொல்லியிருக்கிறார். ஆனால் ஒயாசிஸ் எடுத்துக்கொண்டது நடையையும் மிடுக்கையும்தான்; தாளத்தில் இருந்த ஊஞ்சலை விட்டுவிட்டார்கள். இது தாளக்காரரின் கட்சிக்குச் சாதகமான சான்று என்றே எனக்குப் படுகிறது.

நாடாச்சுருள் எழுதியது:

மூன்று நாள் பதில் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் தோல்வி பயம் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒரு சோதனை செய்துகொண்டிருந்தேன்.

ஆல்பத்தின் நான்காம் பாடலான 'டோன்ட் ஸ்டாப்', மூன்றாம் பாடலான 'வாட்டர்ஃபால்' பாடலின் மாதிரிப் பதிவு நாடாவைத் தலைகீழாக ஓடவிட்டு, அதன்மேல் புதிதாகக் குரலைச் சேர்த்து உருவானது என்பது எல்லோருக்கும் தெரியும். தலைகீழாகக் கேட்ட சொற்கள் என்னவாகக் காதில் விழுந்தனவோ அவற்றை வைத்தே ஸ்குவயர் பாட்டின் வரிகளை எழுதினார். இது அவர்களுக்குப் பழக்கமான விளையாட்டுதான். 'எலிஃபண்ட் ஸ்டோன்' சிங்கிளின் பின்பக்கத்தில் உள்ள 'ஃபுல் ஃபேதம் ஃபைவ்', 'மேட் ஆஃப் ஸ்டோன்' சிங்கிளின் பின்பக்கத்தில் உள்ள 'குவர்னிக்கா' ஆகியவையும் அந்தந்த முன்பக்கப் பாடலைத் திருப்பிப் போட்டவையே. என் கட்சிக்கு இதைத்தான் கோட்டையாக வைத்திருந்தேன். நாடாவைத் திருப்புவதைவிட அறுபதுகளுக்கு உரிய செயல் வேறு என்ன இருக்கிறது?

கணினியில் 'டோன்ட் ஸ்டாப்' பாடலை எடுத்து மறுபடி தலைகீழாக்கினேன். எதிர்பார்த்ததுபோல் பிரவுனின் குரல் புரியாத மொழியாகிவிட, அடியில் 'வாட்டர்ஃபால்' நேராக ஓடத் தொடங்கியது. இரண்டையும் மாறிமாறிக் கேட்டேன். கிட்டாரில் வேறுபாடு மிகப் பெரியது. நேராக ஓடும்போது ஒவ்வொரு தந்தியும் மீட்டிய கணத்தில் பளிச்சென்று ஒலித்துத் தேய்கிறது. திருப்பும்போது ஒன்றுமில்லாததிலிருந்து ஊதிப் பெருகி, உச்சியில் வெட்டுப்பட்டு நிற்கிறது. மெட்டும் குலைந்துவிடுகிறது. டிரம்ஸ் வேறு விதம். அடிகள் உள்ளிழுக்கும் மூச்சாக மாறினாலும் நடை கெடவில்லை. ஓங்கிய அடிகளுக்கு நடுவே விழுவதாகத் தாளக்காரர் சொன்ன அந்த மெல்லடிகள் எந்தத் திசையில் ஓடினாலும் இடைவெளியைச் சமமாக நிரப்பிக்கொண்டு போகின்றன. நேராக ஓடும் 'வாட்டர்ஃபால்' பாடலைவிடத் திரும்பி ஓடும் 'டோன்ட் ஸ்டாப்' பாடலுக்குத்தான் என் கால் தானாக ஆடியது என்பதை, ஒப்புக்கொள்ள விருப்பமில்லாமலே, ஒப்புக்கொள்கிறேன்.

ஆகவே என் முதல் பதிவில் ஒரு வாக்கியத்தைத் திருத்துகிறேன். நான்காம் பாடலில் நடன இசை இருக்கிறது. அதை அங்கே கொண்டுவந்து சேர்த்தது 1966-இன் வித்தை. 'ரெசரக்ஷன்' பின்பாதியை இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. அதற்குத் தனியாக வருகிறேன்.

இடதுகைத் தாளம் எழுதியது:

இப்போதைக்கு அந்த ஒரு பாடல் போதும். 'ரெசரக்ஷன்' எங்கே போய்விடப் போகிறது. திருப்பிய கோப்பை இங்கே ஏற்ற முடியுமா?

நாடாச்சுருள் எழுதியது:

பதிப்புரிமை இருக்கிறது, ஏற்ற முடியாது. உங்களிடம் ஆல்பம் இருந்தால் இரண்டு நிமிட வேலைதான். முதல் நிமிடத்தைத் தள்ளிவிட்டு, இரண்டாம் நிமிடத்திலிருந்து கேளுங்கள். தலையணி ஒலிபெருக்கி வேண்டாம், தரையில் நின்றுகொண்டு கேளுங்கள்.